செங்கோட்டைக் கடையொன்றின் கணக்கோலைகள்: அந்த வணிகரின் வாழ்க்கையை எழுத முடியுமா?

செங்கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டனாரின் தாத்தா செங்கோட்டைக் கடைத்தெருவில் பலசரக்கும் புகையிலையும் விற்றவர். அவர் எழுதிவைத்த கணக்கோலைக் கட்டுகள் பரணிலிருந்து கிடைத்துள்ளன. ஆண்டுகள் 1036 முதல் 1042 வரை. தொகைகள் பணம், சக்கரம், காசு என்ற கணக்கில் உள்ளன. 1038க்குப் பிறகு புகையிலை வரவு பெருகுகிறது. 1041 முதல் சுங்கம் என்ற செலவு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவருக்குப் படமோ கடிதமோ எதுவும் இல்லை. இந்த ஓலைகளை மட்டும் கொண்டு அவருடைய வாழ்க்கையை எழுத இயலுமா என்று விவரமறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேற்குமலையான் எழுதியது:

தாராளமாக எழுதலாம் ஐயா. அவை மலையாள நாட்டிலும் நெல்லைப் பக்கத்திலும் வழங்கிய கொல்லம் ஆண்டுகள். ஆவணி முதல் மார்கழி முற்பாதி வரையுள்ள தேதிகளுக்கு 824ஐயும், அதன்பின் ஆடி வரையுள்ளவற்றுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே 1038 என்பது 1862-63.

நீங்கள் கவனித்த இரண்டு மாற்றங்களும் அக்காலத் திருவிதாங்கூர் வரலாற்றோடு அப்படியே பொருந்துகின்றன. செங்கோட்டை மலைக்குக் கிழக்கே இருந்தும் 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. பக்கத்துத் தென்காசியோ வெள்ளையர் ஆட்சியின் திருநெல்வேலிச் சீமை. திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், அரசு தன் கையில் வைத்திருந்த புகையிலை வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டு இறக்குமதித் தீர்வையோடு நிறுத்திக்கொண்டது. 1865இல் சென்னை அரசோடும் கொச்சியோடும் ஏற்பட்ட உடன்பாட்டால் உப்பு, புகையிலை போன்ற சிலவற்றைத் தவிர மற்றச் சரக்குகளுக்கு எல்லைச் சுங்கம் பெரும்பாலும் நீங்கியது. உங்கள் முன்னோர் புகையிலை வியாபாரம் திறந்த வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாணயக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆனால் வெள்ளையர் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். தென்காசியில் ஒரு நாணயத்தில் கொள்முதல் செய்து, செங்கோட்டையில் இன்னொன்றில் விற்றவருக்கு அந்த அரைச் சக்கரம் சிறிய விஷயமன்று. வட்டம் என்றோ வட்டக் கழிவு என்றோ, அதாவது நாணயம் மாற்றும்போது கழியும் தொகையாக, ஏதேனும் பதிவு உள்ளதா என்று தேடிப் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அரசின் மாற்றங்களைவிட, அந்த மனிதரைக் காட்டுவது கடன் பற்றுகளே. நெல் விளையும் ஊரில் கடைக்காரர் கையில் ஆண்டு முழுவதும் ரொக்கம் புழங்காது. கார், பிசானம் என்ற இரு அறுவடைகளை நம்பியே சரக்குக் கடனாகப் போகும், கடன் பல வேளைகளில் நெல்லாகவே திரும்பும். ஆகவே பிசான அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாத ஓலைகளில் கோட்டை, மரக்கால் என்ற நெல் அளவுகளைத் தேடுங்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. யார் பெயர் ஆண்டுதோறும் வருகிறது, யாருடைய பாக்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏற்றப்படுகிறது, யாருடையது வசூலாகாமலே தள்ளப்படுகிறது என்று பெயர்வாரியாகப் பிரித்து எழுதினால், அவர் யாரிடம் கண்டிப்பாகவும் யாரிடம் இரக்கமாகவும் இருந்தார் என்பது தெரியவரும். வாழ்க்கை வரலாற்றுக்கு எனக்கு இதுவே முதன்மையான சான்று.

ஓலைகளைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கும் முன் இருக்கிற வரிசையிலேயே எண்ணிட்டுப் படம் எடுத்துவிடுங்கள்; வரிசை கலைந்தால் எந்தப் பாக்கி எந்த ஆண்டினுடையது என்று பிறகு சொல்ல முடியாது. எழுத்து மங்கியிருந்தால் நீங்களே மை பூச வேண்டாம். சுவடி பார்த்துப் பழகியவர்களிடம் காட்டுங்கள்.