வேலூர் வெயில் எங்கே தயாராகிறது?

சத்துவாச்சாரி அம்மா:
அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மகள் கேட்டாள்: “சூரியன் முழுக்கவா அணுக்கரு இணைவு நடக்கிறது?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

காட்பாடி வாத்தியார்:
இல்லை அம்மா. மையத்தில் மட்டும்தான், ஆரத்தில் ஏறக்குறைய கால் பங்கு வரை. அங்கே சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பம். நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு வெறும் 5,500 டிகிரி. மையத்தில் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன. நிறையில் 0.7 சதவீதம் குறைகிறது. குறைந்த அந்த நிறைதான் ஆற்றலாக மாறி உங்கள் வடகத்தைக் காயவைக்கிறது.
இன்னொரு வேடிக்கை: அந்த மையத்தில் ஒரு கன மீட்டர் தருவது 300 வாட்டுக்கும் குறைவு. நாலு மின்விசிறிக்கே இழுபறி! சூரியனின் பருமன்தான் ஈடுகட்டுகிறது.

சத்துவாச்சாரி அம்மா:
நாலு மின்விசிறியா! மகள் நம்ப மறுக்கிறாள். அப்படியானால் பூமியில் இந்த இணைவைச் செய்ய ஏன் இவ்வளவு பாடு?

காட்பாடி வாத்தியார்:
அவ்வளவு மந்தமாக எரிந்தால் நமக்குக் கட்டுப்படியாகாதே. சூரியனின் ஈர்ப்பு அழுத்தமும் இங்கே இல்லை. அதனால் எளிதில் இணையும் கன ஹைட்ரஜன் வகைகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்கி, காந்தப்புலத்தில் மிதக்கவிடுகிறார்கள். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலை அந்த வகை. இந்தியாவும் அதில் பங்காளி. வடகம் காய்ந்ததும் எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.