பழைய பவர்ஷாட்டில் சிஎச்டிகே: என் அனுபவம்

கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் என்ற, 2008-இல் வெளிவந்து இரண்டு பென்சில் பேட்டரிகளில் ஓடும் 8 மெகாபிக்சல் கேமராவில் சிஎச்டிகே என்னும் மாற்று மென்பொருளை நான் பயன்படுத்தி வருகிறேன். சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் கோப்பாகச் சேமிப்பதற்கோ, இடி மின்னலைத் தானாகப் பிடிப்பதற்கோ கேமராவின் சொந்த மெனுவில் வழியில்லை. ஆனால் உள்ளிருக்கும் டிஜிக் 3 செயலியால் இவையெல்லாம் இயலும்.

நாகர்கோவிலில் எனக்குப் பழக்கமான ஸ்டுடியோ அண்ணன், "நல்லா ஓடுற கேமராவைக் கெடுத்துப் போடாத மக்களே" என்றுதான் முதலில் எச்சரித்தார். அவருடைய அச்சம் நியாயமானது என்றாலும், சிஎச்டிகே கேமராவின் மூல மென்பொருளை அழித்து எழுதுவதில்லை. மெமரி கார்டிலிருந்து தற்காலிக நினைவகத்தில் ஏறி அதனுடன் சேர்ந்து இயங்குகிறது. கார்டின் ஓரத்திலுள்ள பூட்டை 'லாக்' பக்கம் தள்ளினால் கேமரா அதிலிருந்து துவங்கும். பூட்டைத் திறந்து மீண்டும் இயக்கினால் பழைய கேமராவாகவே இருக்கும். இதைச் செய்து காட்டிய பிறகே அண்ணன் சமாதானமானார்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது பதிப்பு எண்ணில்தான். ஒரே மாடலிலும் மூல மென்பொருளின் பதிப்பு வேறுபட்டால் அதற்குரிய சிஎச்டிகே கோப்பும் வேறுபடும். 'வெர்.ரெக்' (ver.req) என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைக் கார்டில் இட்டு, படம் பார்க்கும் நிலையில் கேமராவை இயக்கி, நடுவிலுள்ள 'செட்' பொத்தானை அழுத்தியபடியே 'டிஸ்ப்' பொத்தானையும் அழுத்தினால் பதிப்பு எண் திரையில் தெரியும். விண்டோஸ் கோப்பு நீட்சியை மறைத்து வைத்திருந்தால் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். அப்போது எத்தனை முறை அழுத்தினாலும் எண் வராது.

ராவ் கோப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 எம்பி இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தாம் உண்டு. இதிலோ 10 பிட் என்பதால் 1024. தேரூர்க் குளக்கரையிலிருந்து மருந்துவாழ்மலைக்கு மேலுள்ள மேகங்களை எடுத்தபோது, ஜேபெக்கில் வெள்ளைத் திட்டாகிப்போன மேக விளிம்புகளில் ஒரு பகுதியை ராவ் கோப்பிலிருந்து மீட்க முடிந்தது.

ஐப்பசி மழைக்காலத்து மின்னலைப் பிடித்ததே எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. சிஎச்டிகேயில் ஓடும் அசைவறியும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல், திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஏதேனும் ஒரு கட்டத்தின் ஒளி திடீரென மாறியதும் ஷட்டரைத் திறந்துவிடுகிறது. ஒரே மின்னல் பல வேளைகளில் அதே பாதையில் அடுத்தடுத்துப் பாய்வதால், முதல் வெட்டு தப்பினாலும் அடுத்தது சிக்குகிறது. ஒரே வெட்டோடு முடிபவை தப்பித்தான் போகின்றன. ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, ஃபிளாஷையும், எடுத்த படத்தை உடனே காட்டும் வசதியையும் அணைத்து வைத்தால் வேகம் கூடும். முட்டம் பாறைகளில் நின்று எடுக்க எவ்வளவு ஆசை இருந்தாலும், அந்த நேரத்தில் திறந்த வெளிக்குப் போகவே கூடாது. நான் வீட்டு ஜன்னலோரத்திலேயே ஸ்டாண்டை வைக்கிறேன்.

தக்கலையில் திருமண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், தம் கேனான் 600டி கேமராவில் மேஜிக் லேண்டர்ன் என்ற இதுபோன்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துகிறார். டிராமல் ஹட்சன் 2009-இல் 5டி மார்க் 2 கேமராவுக்காகத் தொடங்கிய திட்டம் அது. ஒலி அளவைத் திரையிலேயே பார்க்க முடிவது அவருடைய தொழிலுக்குப் பேருதவி. ஆனால் அது கார்டிலிருந்து துவங்குவதற்கான ஒரு குறியீட்டைக் கேமராவுக்குள்ளேயே பதிக்கிறது. ஆகவே அதையும் சிஎச்டிகேயையும் ஒன்றெனக் கருதக் கூடாது. மேஜிக் லேண்டர்ன் உள்ள கேமராவில் கார்டு மூடியைத் திறந்ததும் சில நொடிகள் பொறுத்தே கார்டை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு உருவினால் கேமரா உறைந்து பேட்டரி தீர்ந்துவிடக்கூடும். மண்டபத்தில் அவர் தம் உதவியாளரைக் கார்டு மாற்ற விடுவதே இல்லை.