பயோமெடிக்கல் டெக்னீஷியன் எங்க பதியிற? எஸ்.எல்.எம்.சி.யா (இலங்கை மருத்துவ சபை), இஞ்சினியரிங் கவுன்சிலா?

கல்லடிப்பாலம்:
வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்புல தனியார் கம்பனி ஒண்டுல 7 வருசமா ஆஸ்பத்திரி மெஷின் திருத்துறன். மொனிட்டர், சிரிஞ்ச் பம்ப், ஈ.சி.ஜி., ஓட்டோகிளேவ் எல்லாம் பாக்கிற. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 5ம் மட்ட டிப்ளோமா இரிக்கு. போன மாசம் லண்டன் வேலை ஒண்டுக்கு அப்ளிகேசன் போட வெளிக்கிட்டா ரெஜிஸ்ட்ரேசன் நம்பர் எண்டு ஒரு பெட்டி கிடக்கு, அதுல என்னத்த எழுதுற எண்டு தெரியாம அப்பிடியே மூடி வச்சிட்டன். லெப் பொடியனுக்கு எஸ்.எல்.எம்.சி. நம்பர் இரிக்கு, ரேடியோகிராபருக்கு இரிக்கு, அவங்க பாவிக்கிற மெஷின திருத்துற எனக்கு ஒண்டுமில்ல. வாட்டுல கூப்பிடுறதும் "கரண்ட்காரர்" எண்டுதான். மனசுக்கு கஷ்டமா இரிக்கு. நான் எங்க பதியணும்?

களுதாவளை அண்ணன்:
தம்பி, நான் இங்கிலாந்துல ஆஸ்பத்திரி ஒண்டுல கிளினிக்கல் இஞ்சினியரிங்லதான் வேலை, அதனால அந்தப் பக்கத்த சொல்றன். இங்க எச்.சி.பி.சி. எண்டு ஒண்டு இரிக்கு, அது சட்டப்படியான பதிவு, ஆனா அதுல வாறது கிளினிக்கல் சயன்டிஸ்ட், ரேடியோகிராபர், பிசியோ மாதிரி ஆக்கள். நம்மட வேலைக்கு உள்ளது ஆர்.சி.டி., கிளினிக்கல் டெக்னோலஜிஸ்ட் ரெஜிஸ்டர். அது சட்டத்தால கட்டாயம் இல்ல, ஆனா 2015ல இருந்து புரொபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அதோரிட்டி அங்கீகாரம் இரிக்கிறதால வேலைக்கு எடுக்கிறவங்க அதத்தான் கேப்பாங்க. அதுல மெடிக்கல் இஞ்சினியரிங் ஒரு பிரிவு, டயாலிசிஸ் மெஷின்காரருக்கு தனியா ரீனல் டெக்னோலஜி. வேற நாட்டுல படிச்சாக்களுக்கு ஈக்குவலன்ஸ் எண்டு வழி இரிக்கு. படிப்பு என்ன மட்டம் எண்டு பாப்பாங்க, பிறகு நீங்க செஞ்ச வேலைக்கு ஆதாரம் கேப்பாங்க. அது சரிவராட்டி எங்டெக் (இஞ்சினியரிங் டெக்னீஷியன் எண்ட பதிவு) பாருங்க, அத பிரித்தானிய இஞ்சினியரிங் கவுன்சில்ட அனுமதி உள்ள ஐ.இ.டி., ஐபெம் மாதிரி சங்கங்கள் குடுக்கும், டிகிரி கட்டாயமில்ல. எச்.சி.பி.சி.க்கு மட்டும் காசு கட்டிராதீங்க, அது உங்களுக்கு இல்ல.

அக்கரைப்பற்று சர்வீஸ்:
தம்பி, எஸ்.எல்.எம்.சி. பின்னால திரியாதீங்க. நம்ம வேலை இஞ்சினியரிங் பக்கம். இலங்கையில 2017ம் ஆண்டு 4ம் இலக்க இஞ்சினியரிங் கவுன்சில் சட்டத்துல சார்ட்டட் இஞ்சினியர் மட்டுமில்ல, இஞ்சினியரிங் டிப்ளோமேட், இஞ்சினியரிங் டெக்னீஷியன் எண்டும் வகை வச்சிரிக்கு. உங்கட டிப்ளோமாவ கொண்டு போய் எந்த வகைக்குள்ள வருது எண்டு கேளுங்க. உங்களோட வேலை செய்ற பொடியன்மாருக்கு சேர்டிபிகேட் ஒண்டும் இல்லாட்டி நைட்டா எண்ட அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையில ஆர்.பி.எல். (முன் அனுபவத்துக்கு அங்கீகாரம்) கேக்கச் சொல்லுங்க, கையில தொழில் இரிக்கிறவன சோதிச்சு என்.வி.கியூ குடுப்பாங்க.

இன்னொண்டு. நம்பர் வெளிநாடு போறதுக்கு மட்டும் எண்டு நினைக்காதீங்க. நெஞ்சில ஒட்டுற சி.எஃப். வகை (இதயத்துக்கு நேரா தொடுக்கக்கூடிய பாதுகாப்பு உள்ள) லீட்ல சாதாரண நிலையில பேஷண்டுக்குள்ள போற லீக்கேஜ், அதான் கசியிற கரண்ட், 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேல போகக்கூடா எண்டு மருத்துவ மெஷின் பாதுகாப்புக்கான 60601 சர்வதேச தரம் சொல்லுது. நம்மட விரலுக்கு அந்தக் கரண்ட் தெரியவே தெரியாது, நேரா இதயத்துக்குள்ள வயர் போட்டு கிடக்கிறவருக்கு அது கூடினா உயிராபத்து வரலாம். அத அளந்து கையெழுத்து வைக்கிறவன் ஆரெண்டு ஒரு புத்தகத்துல பேர் இரிக்க வேணாமா?

கல்முனை சிஸ்டர்:
நான் நர்ஸ், குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். நான் முந்தி வேலை செஞ்ச இடத்துல பம்ப் ஒண்டுல செக் பண்ணின ஸ்டிக்கர் புதுசா ஒட்டியிருந்திச்சு, 5 மில்லி ஓடணும் எண்டு வச்சா அதுக்கு மேல ஓடுது. நல்லகாலம் நான் சிரிஞ்ச பாத்துக்கொண்டே நிண்டன். ஸ்டிக்கர்ல பேருமில்ல, நம்பருமில்ல, கிறுக்கின ஒரு கோடு மட்டும். ஆரிட்ட போய் கேக்கிற? எனக்கு பிழை விட்டா பதிவு போயிரும் எண்டு பயம் இரிக்கு, அந்தப் பயம் மெஷின் பாக்கிறவருக்கும் இரிக்கணும். உங்களுக்கு நம்பர் வேணும் தம்பி, எங்களுக்காகவும் வேணும்.

கல்லடிப்பாலம்:
ரொம்ப நன்றி. சிஸ்டர் சொன்னத வாசிச்சிட்டு இண்டைக்கு ஒட்டின ஸ்டிக்கர் எல்லாத்திலயும் பேர முழுசா எழுதினன். அண்ணன், ஆதாரம் எண்டா என்ன? நான் செஞ்ச வேலைக்கு கம்பனி பில் மட்டும்தான் கையில இரிக்கு.

களுதாவளை அண்ணன்:
பில் காணாது தம்பி. என்ன பழுது, எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க, எந்த பாட் மாத்தினீங்க, மாத்தினாப் பிறகு என்ன அளவு காட்டிச்சு, இதத்தான் பாப்பாங்க. எர்த் ரெசிஸ்டன்ஸ் சரி எண்டு எழுதாம திருத்தின மெஷின சோதிக்கிறதுக்கான 62353 தரத்தின்படி கழட்டுற பவர் கோடோட சேத்து 0.3 ஓம்ஸுக்கு கீழ, எனக்கு வந்தது 0.14 எண்டு எழுதுங்க. இண்டையிலிருந்தே கொப்பி ஒண்டு போடுங்க, மேல உள்ளவரிட்ட கையெழுத்து வாங்குங்க. பழைய சர்வீஸ் ரிப்போட்டையும் கம்பனியிட்ட கேட்டு கொப்பி எடுங்க, பேஷண்ட் பேர் கிடந்தா மறைச்சிட்டு எடுங்க.