யார் சொன்னதுன்னு கேட்காம பகிர்ந்துட்டு வருத்தப்பட்டதுண்டா?

மல்லிகா: 2014 ஜூன். தந்தையர் தினத்தை ஒழிக்கணும்னு ட்விட்டர்ல ஒரு ஹேஷ்டேக் ஓடுச்சே, அதேதான். கறுப்பினப் பெண்ணியவாதிங்க எழுதினதுன்னு நம்பி, "இது அநியாயம்"னு நானும் பகிர்ந்தேன். அரை மணி நேரத்துல ஒரு கறுப்பினப் பெண் கீழே வந்து, அந்தக் கணக்கே போலி, பேச்சு வழக்கைக்கூட கொச்சையா காப்பியடிச்சிருக்காங்கன்னு காட்டினாங்க. கூடவே ஒரு வரி: யுவர் ஸ்லிப் இஸ் ஷோயிங். "உள்பாவாடை தெரியுதுடி"ன்னு அம்மா காதுல சொல்வாங்களே, அதே பேச்சு. கறுப்பினப் பெண்ணியவாதி ஷஃபீக்கா ஹட்சன் போலிகளைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கின ஹேஷ்டேக்தான் இந்த "யுவர் ஸ்லிப் இஸ் ஷோயிங்". அவங்களும் இன்னொரு கறுப்பினப் பெண்ணியவாதி இனாஸா க்ராக்கெட்டும்தான் அந்தப் போலிகளைத் துரத்திப் பிடிச்சாங்க. ஹட்சன் 2024ல இறந்துட்டாங்க. பதிவை அன்னைக்கே நீக்கிட்டேன். மன்னிப்பு கேட்கலை.

செல்வி: நியூ ஜெர்சியில படிக்கும்போது, வகுப்புல எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி, போலீஸால உயிரிழந்த கறுப்பினத்தவங்க பேரை ஒண்ணொண்ணா வாசிச்சாங்க. தெரியாத பேர் வந்தா உட்காரணும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா கூட்டங்கள்ல செய்றதுதான். எரிக் கார்னர், மைக் பிரவுன், தமிர் ரைஸ்... நின்னோம். மிஷெல் குசோ, டனிஷா ஆண்டர்சன்னு பெண்கள் பேர் வந்ததும் வரிசையா நாற்காலி சத்தம். நானும் உட்கார்ந்துட்டேன். முன் வரிசையில ஒரு கறுப்பினப் பொண்ணு மட்டும் கடைசிவரை நின்னா. பை வாரை விரல்ல சுத்திச் சுத்தி இறுக்கிக்கிட்டே இருந்தா. திரும்பியே பார்க்கலை.

கதிர்: மீ டூவை ஒரு ஹாலிவுட் நடிகைதான் ஆரம்பிச்சாங்கன்னு 2017ல எழுதினவன் நான். கறுப்பினச் செயற்பாட்டாளர் தரானா பர்க் 2006லயே தொடங்கினதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஆனா மல்லிகாக்கா, நீக்கினது சரியில்ல. திருத்தம் போட்டு அப்படியே விட்டிருக்கணும். செல்வி, பேர் தெரியலைன்னு வருந்துறதோட நிறுத்தாதீங்க, அடியிலேருந்து படிங்க. கறுப்பினப் பெண்ணியவாதிகள் குழுவான கொம்பாஹீ ரிவர் கலெக்டிவோட 1977 அறிக்கையை முதல்ல எடுங்க. அடிமைத்தனத்துலேருந்து தானே தப்பி வந்த ஹாரியட் டப்மன் 1863ல வழிகாட்டி, 700 பேருக்கு மேல அடிமைத்தனத்துலேருந்து மீட்டது கொம்பாஹீ ஆற்றங்கரையில; அந்த ஆற்றோட பேர்தான் குழுவுக்கு. அடுத்து கிரென்ஷாவோட 1989 கட்டுரை. கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் பாகுபாடு காட்டுதுன்னு அஞ்சு கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு அதுல வரும். பெண்களுக்கு வேலை குடுத்தாங்க, அவங்க வெள்ளையர். கறுப்பினத்தவருக்கும் குடுத்தாங்க, அவங்க ஆண்கள். இனப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு ரெண்டையும் சேர்த்து வழக்காக் கேட்க முடியாதுன்னு 1976ல தீர்ப்பு. இது புரியாம ஹேஷ்டேக் பேசவே கூடாதுன்னு நினைக்கிறேன்.

மல்லிகா: தம்பி, நீங்க சொல்றது சரிதான். பயந்துபோய் நீக்கினேன். கீழே வந்து எழுதின அந்தப் பெண்ணோட பேரும் அதோடயே போயிடுச்சு. இப்ப எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரலை.