புளூபெல் விதை: ஒரு ட்ரேயில் புல்தான் வந்தது, இன்னொன்றில் அதுவும் இல்லை

கேள்வி:
இரண்டு ட்ரே போட்டேன், இரண்டும் சொதப்பல். முதலாவதில், போன ஆகஸ்டில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து எடுத்த விதையைத் தூவி வெளியிலேயே விட்டேன். மார்ச்சில் புல் மட்டும் முளைத்தது, பிடுங்கிப் போட்டேன். இரண்டாவது, பிப்ரவரியில் வாங்கிய பாக்கெட் விதை. ஈர மண்ணோடு ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைத்து, அப்புறம் ஜன்னலோரம் மாற்றினேன். மே முடியப்போகிறது, ஒன்றையும் காணோம். இங்கே குளிர் மைனஸ் 25 வரை போகும். இந்தச் செடி தாங்குமா, ஆசையை விட்டுவிடட்டுமா?

பதில் 1:
பாக்கெட்டில் தாவரவியல் பெயர் என்ன? புளூபெல் என்று பல செடிகளைச் சொல்கிறார்கள். ஹயசிந்தாய்டிஸ் நான்-ஸ்கிரிப்டா என்றால், பிரிட்டனில் வசந்தத்தில் மரத்தடியெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடக்குமே, அது. மெர்டென்சியா வர்ஜினிகா அமெரிக்கச் செடி, குடும்பமே வேறு.

கேட்டவர்:
ஹயசிந்தாய்டிஸ்தான். கறுப்பாக, கடுகு மாதிரி உருண்டை விதை.

பதில் 1:
அப்படியானால் வரிசை தலைகீழாகிவிட்டது. இதன் விதை கோடையில் உதிரும். கோடை வெப்பத்தை மண்ணில் கழித்த பிறகு, இலையுதிர்காலத்தில் 10 டிகிரி அளவுக்குக் குளிரும்போதுதான் முளைவிடும். நீங்கள் குளிரை முதலில் கொடுத்துவிட்டு வெப்பத்துக்குக் கொண்டுவந்தீர்கள். பரவாயில்லை, ட்ரேயைக் கொட்டிவிடாதீர்கள். வெளியே நிழலில், ஈரம் காயாமல் வைத்திருங்கள். அடுத்த வசந்தத்தில் தலைகாட்டலாம். நாள்பட்டுக் காய்ந்த விதை என்றால் இன்னும் ஒரு வருடம்கூட இழுக்கும்.

பதில் 2:
எனக்கு அந்த முதல் ட்ரேதான் உறுத்துகிறது. பிடுங்கிய புல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இலைதானா? அடியில் ஏதாவது இருந்ததா?

கேட்டவர்:
ஒரே இலைதான், ஊசி போல. அடியில் வெள்ளையாக, அரிசிக் குருணை அளவில் ஒரு மணி இருந்தது. ஓரத்தில் ஏழெட்டு இன்னும் பிடுங்காமல் நிற்கின்றன, நுனி மஞ்சளாகிறது. ஐயோ, அதுதானா?

பதில் 2:
அதேதான். அந்த வெள்ளை மணிதான் கிழங்கு. நானும் முதல் வருடம் இப்படித்தான் பாதியைக் களையெடுத்தேன்! மஞ்சளாவதைப் பார்த்துப் பயந்து உரம் போடாதீர்கள். கோடை வந்தால் இலை காய்ந்து, கிழங்கு தூங்கப் போய்விடும். இரண்டு வருடம் அதே ட்ரேயில் இருக்கட்டும். வேர் சுருங்கிக் கிழங்கைக் கீழே இழுக்கும், அதனால் பிறகு ஆழமான தொட்டி வேண்டும். பூவுக்கு நாலைந்து வருடம் பொறுக்கணும்.

பதில் 3:
குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தரையில் வேர்விட்ட புளூபெல் மைனஸ் 15, 20 வரை தாங்கும். அதற்குக் கீழே போனாலும், மேலே பனி மூடியிருந்தால் மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது. ஆபத்து தொட்டியில்தான், நாலு பக்கமும் உறையும். குளிர்காலத்துக்கு முன் தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, மேலே காய்ந்த இலையைக் கனமாகப் போடுங்கள். மைனஸ் 40 வந்தாலும் கவலையில்லாமல் வளர்க்கணும் என்றால் மெர்டென்சியாதான்.

இன்னொன்று, தோட்டத்து விதை, ஸ்பானியப் புளூபெல் என்ற இன்னொரு இனத்தோடு கலந்ததாக இருக்கலாம். பூத்ததும் மகரந்தத்தைப் பாருங்கள். வெண்மஞ்சளாக இருந்து, தண்டும் ஒரு பக்கமாகத் தொங்கினால் அசல். நீலம் தட்டினால் கலப்பு.

கேட்டவர்:
சரி, எட்டு இருக்கின்றன, எண்ணிவிட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தீக்குச்சி நட்டிருக்கிறேன், மறுபடியும் கை நீளாமல் இருக்க.