மொய் மேசையை வாசலிலிருந்து எடுத்தோம்

வேலூரில் நான் படித்த கல்லூரிக்காக, முன்னாள் மாணவர்களிடம் உதவித்தொகை நிதி திரட்டும் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். இடத்தை அமைக்கும் பொறுப்பு என்னுடையது.

முதல் வருடம் மே மாதம் வைத்தோம். வேலூர் வெயிலுக்குப் பயந்து ஏசி அரங்கம், மேடை, முன்வரிசையில் சோபா. நன்கொடை மேசையை வாசலிலேயே போட்டுவிட்டோம். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற அதே இடம். வந்தவர்களும் மொய்யாகவே எழுதினார்கள்: 501, 1,001. மூன்றாவது ஆள் பேசி முடிப்பதற்குள் பின்வரிசை காலி. ஒரு மாணவரிடம்கூட யாரும் பேசவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம் எங்கள் பழைய பேராசிரியர்தான் வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கதையை நினைவுபடுத்தினார். வேலூர்ப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். அது காதில் விழுந்த ஷெல் என்ற வங்கிக்காரர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் திறந்த 40 படுக்கை மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. பேச்சு காதில் விழுகிற தூரத்தில் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த ஞாயிறு, மாலை 4 மணி. விடுதிக்கு எதிரே புங்க மரத்தடியில் மெஸ் பெஞ்சுகளையே போட்டோம். பெஞ்சுக்கு இரண்டு மாணவர்கள். டீயும் சுண்டலும் கடைசிக் கோடியில்; எல்லா பெஞ்சையும் கடந்துதான் அங்கே போக முடியும். நன்கொடை மேசை அதற்கும் அப்பால். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதால், யுபிஐ அட்டையையும் ரசீதையும் தயாராக வைத்திருந்தோம்.

ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு சீனியர், டீக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சில் கையை வைத்து நின்றார். “இப்பவும் செவ்வாய்க்கிழமை கிச்சடிதானாம்மா?”

“ஆமாண்ணா, சட்னி மட்டும் மாறியிருக்கு.”

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஊர் குடியாத்தம், அம்மா பீடி சுற்றுகிறார். மெஸ் பாக்கி எழுதிய சின்ன நோட்டு அவள் கையில் சுருண்டிருந்தது. அவளாகக் காட்டவில்லை, அவர்தான் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

இருட்டிய பிறகு மேசைக்கு வந்தவர், “மூணு வருஷ மெஸ் பில் எவ்வளவு ஆகும், கூட்டிச் சொல்லுப்பா” என்றார்.