எருத்தேம்பதி வீடு குழு: ஞாயிறு சீருக்கு யார் சமையல்?

வியாழன்

வேலந்தாவளம் பெரியத்தை, 6:12: எல்லாரும் பாருங்க. ஞாயித்துக்கிழமை குட்டியோட வளைகாப்புக்குப் பேசி வெச்ச சமையல்காரரை மாத்தியாகோணும். போன வாரம் வண்ணாமடை காதுகுத்துல அவரு சமையல் சாப்பிட்டு ஆறு பேருக்கு வயித்தால போச்சாம்

சின்னம்மா, 6:13: ஐயோ

பாலக்காடு அக்கா, 6:13: யார் யாருக்கு?

பெரியத்தை, 6:15: அவங்க சொந்தத்துலதான். அதுல ரெண்டு குழந்தைங்க. வாயும் வயிறுமா இருக்கற புள்ளைக்கு நடக்கற சீரு இது

பொள்ளாச்சி சித்தப்பா, 6:18: அக்கா 250 இலைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

பெரியத்தை, 6:18: யாரைக் கேட்டுக் குடுத்தே?

பொள்ளாச்சி சித்தப்பா, 6:19: 🙏

பெரியத்தை, 6:21: உன்ற வீட்டுக்காரி வழிச் சொந்தம்னா மட்டும் கேக்காமயே குடுத்துருவே. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். காதுகுத்துல தெரிஞ்சு போச்சு

சின்னம்மா, 6:22: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாப்பு, 6:31: அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ராத்திரி ஜிஆர்இக்கு, அதான் வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதற பரீட்சைக்கு, எழுதிப் பார்த்த கேள்வியும் இதே மாதிரிதான் இருந்துச்சு. பக்கத்து ஊர்ல புது ரோடு போட்ட வருசம் கடைல வியாபாரம் கூடுச்சாம், அதனால நம்ம ஊர்லயும் ரோடு போட்டா கூடும்னு ஒருத்தர் சொல்றார். அவர் பேச்சுல ஓட்டை எங்க இருக்குன்னு எழுதோணும். ரோட்டாலதான் கூடுச்சா, இல்ல அந்த வருசம் மழை பேஞ்சு வெள்ளாமை நல்லா வந்ததாலயா? அந்த ஊரும் நம்ம ஊரும் ஒண்ணா? இப்படி ஒவ்வொண்ணாக் கேக்கோணும். காதுகுத்து விசயத்துலயும் கேக்கறதுக்கு இருக்குது. மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டாங்க? 300 பேர்ல ஆறு பேர்ங்கறதும் 20 பேர்ல ஆறு பேர்ங்கறதும் ஒண்ணில்லை. ஆறு பேரும் ஒரே வீடா? ஒரே வீடுன்னா அவங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியாக்கூட இருக்கலாம். அன்னைக்கு ஐஸ்கிரீம் வெளிய இருந்து வந்துச்சா? பதம் பார்க்கற சோறு அதே பானைச் சோறா இருந்தாத்தானுங்க அத்தை பதம் தெரியும். வண்ணாமடை வேற பானை

பெரியத்தை, 6:33: அப்ப நான் பொய் சொல்றனா?

பாப்பு, 6:33: இல்லீங்க அத்தை

பாப்பு, 6:36: ஆறு பேருக்கு முடியாமப் போனது நிஜம்னே வெச்சுக்கறேன். நீங்க கேட்டதைச் சொன்னீங்க. அதுலயிருந்து 'அதனால அவர் சமையல் ஆகாது'ன்னு தாண்டற இடத்துலதான் நடுவுல ஒரு பலகை இல்லை. அவர் நல்லா சமைப்பார்னு நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாது

சின்னம்மா, 6:37: இந்தப் புள்ளை வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்

பெங்களூர் அண்ணன், 6:40: பாப்பு கரெக்ட். நான் 2019ல எழுதினப்ப எங்க சார் முதல் நாளே சொன்னது இதான். உன் கருத்தை யாரும் கேக்கலை, குடுத்த சான்று முடிவைத் தாங்குதான்னு மட்டும் பாருன்னார். நான் முதல் தடவை ரோடு வேணுமா வேண்டாமான்னு ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனேன், சிவப்பு பேனால மொத்தமா அடிச்சுட்டார்

பெங்களூர் அண்ணன், 6:41: ஆமா பாப்பு, ஓட்டை கண்டுபிடிக்கற அந்தக் கட்டுரையை ஜிஆர்இல இருந்து எடுத்துட்டாங்களே? 2023 செப்டம்பர் 22ல இருந்து இல்லை. நம்ம கருத்தை எழுதற இஷ்யூ கட்டுரை ஒண்ணுதான், 30 நிமிசம். மொத்தப் பரீட்சையே 1 மணி 58 நிமிசம் ஆயிருச்சு

பாப்பு, 6:42: தெரியும் அண்ணா

வாத்தியார் மாமா, 6:44: அப்படியானால் நான் கோயமுத்தூர் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து கொடுத்த கைடு? அதில் இரண்டு கட்டுரை என்று போட்டிருந்ததே

பாப்பு, 6:49: மாமா அதைத்தான் தினமும் படிக்கறேன். படிச்சு விடை சொல்ற வெர்பல் பகுதில இப்பவும் ஒரு பத்தி குடுத்து, இந்த வாதம் எதை நம்பி நிக்குது, எதைச் சொன்னா இது பலவீனமாகும்னு கேக்கறாங்க. அஞ்சு விடைல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கோணும். விடையைப் பாத்துட்டுத் தேடினா அஞ்சுமே சரி மாதிரித் தெரியுது. அதனால பழைய கேள்வியை எடுத்து, நானா ஓட்டையை முதல்ல எழுதிப் பழகறேன். எம்பிஏக்கு எழுதற ஜிமேட்லயும் கட்டுரையை எடுத்துட்டாங்க, ஆனா இந்த மாதிரிக் கேள்வி அங்கயும் இருக்குது. உங்க புக்கு வீணாகலைங்க மாமா

வாத்தியார் மாமா, 6:50: மகிழ்ச்சி கண்ணு

வாத்தியார் மாமா, 6:58: இது நமக்குப் புதிது அல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகை பிரித்தே சொல்கிறார். முன்வைக்கும் கூற்றிலேயே பழுது இருந்தால் பக்கப்போலி, காட்டும் காரணத்தில் பழுது என்றால் ஏதுப்போலி, எடுத்துக்காட்டு பொருந்தாவிட்டால் திட்டாந்தப்போலி. பாப்பு சொன்ன பக்கத்து ஊர் ரோட்டை மூன்றாவதோடு வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் இதை நடத்தும்போது

பெரியத்தை, 6:59: நீங்க முதல்ல அடுப்புல பால் பாருங்க

பாப்பு அப்பா, 7:02: மூலத்துறை அணைல தண்ணி வந்துச்சா? நம்ம வாய்க்கால்ல முழங்கால் நனையலை. தென்னை குருத்து தொங்குது

பொள்ளாச்சி சித்தப்பா, 7:03: இங்க இருந்து விட்டாச்சுண்ணா

பாப்பு அப்பா, 7:04: விட்டிருந்தா எங்க போச்சு? வருசத்துக்கு 7.25 டிஎம்சி தமிழ்நாடு நம்ம கேரளாவுக்கு மணக்கடவு அணைக்கட்டுல அளந்து தரோணும்னு பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். எங்களுக்கு வரலைன்னா உங்க பக்கம் அடைச்சாச்சுன்னுதானே அர்த்தம்

பெங்களூர் அண்ணன், 7:05: சித்தப்பா இதுலயும் அதே ஓட்டை

பாப்பு அப்பா, 7:05: எதுல?

பெங்களூர் அண்ணன், 7:06: மணக்கடவு தாண்டி நம்ம தோட்டத்துக்கு வர்றதுக்குள்ள எத்தனை மதகு. நடுவுல ஆகாயத்தாமரை அடைச்சிருந்தாலும் வராது. மணக்கடவுல எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் சண்டை போடுங்க

பாப்பு அப்பா, 7:07: 1958ல பேச்சு முடிஞ்சதுல இருந்து எங்கப்பாரு போட்ட சண்டை. நீ வந்து நிறுத்தாதே

பாலக்காடு அக்கா, 7:15: இப்பத்தான் டூட்டி முடிஞ்சுது. அத்தை, ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சுது?

பெரியத்தை, 7:17: எனக்கென்ன தெரியும். காதுகுத்துக்குப் போனவங்கன்னு சொன்னாங்க

பாலக்காடு அக்கா, 7:21: அதான் முக்கியம். சமைச்சதை வெளிய ரொம்ப நேரம் வெச்சு அதுல விசம் ஊறியிருந்தா அரை மணில இருந்து எட்டு மணிக்குள்ள வாந்தி வந்துரும். சால்மோனெல்லான்னா ஆறு மணி நேரத்துல இருந்து ஆறு நாள் வரைக்கும் ஆகலாம். நாலு நாள் கழிச்சு வந்திருந்தா நடுவுல சாப்பிட்ட எல்லாத்தையும் சந்தேகப்படோணும். எல்லாருக்கும் ஒரே ராத்திரில வந்துச்சுன்னா பந்திச் சாப்பாட்டைத்தான் பாக்கோணும். அப்படின்னா அத்தை சொல்றது பலமாயிரும்

பாப்பு, 7:22: அக்கா, அந்தப் பழைய கட்டுரைல இதை எழுதியிருந்தா ஆறு மார்க்குக்கு ஆறும் போட்டிருப்பாங்க. பலவீனப்படுத்தறது மட்டுமில்லை, எது கிடைச்சா வாதம் பலமாகும்னும் சொல்லோணும். நான் அதை விட்டுட்டேன்

பெரியத்தை, 7:23: பாத்தியா. நான் சொன்னது பலமாகும்ங்கறா

பாப்பு, 7:24: ஒரே ராத்திரின்னா மட்டும் அத்தை 😊

சின்னம்மா, 7:26: ஐஸ்கிரீம் இருந்துச்சு. நான் போயிருந்தேன். பெட்டில வந்துச்சு, வெயில்ல ரொம்ப நேரம் வெச்சிருந்தாங்க. நான் சாப்பிடலை, எனக்கு ஒண்ணும் ஆகலை

பெங்களூர் அண்ணன், 7:27: சின்னம்மா இதை 6:13க்கே சொல்லியிருக்கலாம்

சின்னம்மா, 7:28: எழுதி அழிச்சேன். அக்கா கோவமா இருந்தாங்க

பாலக்காடு அக்கா, 7:28: உங்க ஒருத்தரை வெச்சும் முடிவு பண்ண முடியாதுங்க சின்னம்மா. ஆறு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்களான்னு கேக்கோணும். சாப்பிட்டு நல்லா இருந்தவங்க எத்தனை பேர்னும் கேக்கோணும்

பொள்ளாச்சி சித்தப்பா, 7:30: நம்ம சீருக்கு ஐஸ்கிரீம் இல்லை. பாயசம்

பெரியத்தை, 7:31: பாயசத்தைப் பத்தி நீ பேசாதே. என்ற மக கல்யாணத்துல மூணாம் பந்திக்குப் பாயசம் இல்லாம எங்க சம்பந்தி எந்திரிச்சுப் போனாங்க

சின்னம்மா, 7:31: 12 வருசம் ஆச்சுங்க அக்கா

பெரியத்தை, 7:32: அன்னைக்கும் சமையல்காரரை இவன்தான் பேசினான்

பொள்ளாச்சி சித்தப்பா, 7:33: அது வேற ஆளு அக்கா!

பாப்பு அப்பா, 7:34: அவரு லைசன்ஸ் வெச்சிருக்காரா? 14 இலக்க நம்பர் இருக்கும் பாரு, உணவுப் பாதுகாப்புத் துறை குடுக்கறது

பொள்ளாச்சி சித்தப்பா, 7:35: கேட்டுச் சொல்றேன்

பெரியத்தை, 7:41: குரல் பதிவு, 1:08

பாப்பு, 7:44: கேட்டேன் அத்தை. உங்களைக் கேக்காமப் பேசினதுதான் வருத்தம்னா அது நியாயம். சித்தப்பா கேட்டிருக்கோணும். அதுக்கும் ஆறு பேர் வயித்துக்கும் நடுவுல முடிச்சுப் போட வேண்டாம்னுதான் சொல்றேன். எனக்கு உங்க மேல இருக்கற பயமும் குறையலை, பாசமும் குறையலை

பொள்ளாச்சி சித்தப்பா, 7:46: அக்கா தப்புதான். நாளைக்குக் காலைல நேர்ல வர்றேன்

பெரியத்தை, 7:52: வா. வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா

பெரியத்தை, 7:55: வண்ணாமடைக்கு இப்பவே போன் போடறேன். என்னென்ன கேக்கோணும் பாப்பு, வரிசையாச் சொல்லு

பாப்பு, 7:57: எத்தனை பேர் சாப்பிட்டாங்க. ஆறு பேரும் ஒரே வீடா. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது. ஐஸ்கிரீம் யாரெல்லாம் சாப்பிட்டாங்க. தண்ணி எங்கிருந்து வந்துச்சு

வாத்தியார் மாமா, 7:58: இதையே கட்டுரையாக எழுதி வை கண்ணு. நான் திருத்தித் தருகிறேன். அந்தப் பரீட்சையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாதாமே

பெரியத்தை, 8:20: போன் எடுக்கலை. காலைல பாக்கறேன்

சின்னம்மா, 8:21: அப்ப சமையல் அவரேதானா?

பொள்ளாச்சி சித்தப்பா, 8:21: 🙏

பாப்பு அப்பா, 8:40: மணக்கடவுல யாரோட நம்பராவது யார்கிட்டயாவது இருக்குதா